வளையல் ஓசை நின்ற பிற்பகல்

நோயிலிருந்து மீண்டு வந்தவளிடம் எல்லோரும் முதலில் கேட்பது மூச்சுத் திணறலைப் பற்றித்தான். நானும் அதைச் சொல்லத்தான் தொடங்குகிறேன். ஆனால் சற்று நேரத்துக்குள் என் மகளின் கண்ணாடி வளையல்களுக்குப் போய்விடுகிறேன். கேட்பவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள். காய்ச்சலில் நினைவு கலங்கியிருக்கும் என்று எண்ணுகிறார்கள் போலும். கலங்கவில்லை. என் உடம்புக்கு என்ன ஆகும் என்ற அச்சம் எனக்கு இருந்தது, மறுக்க மாட்டேன். அதைவிடப் பெரிய அச்சம் ஒன்று என் வீட்டுக்குள், ஒன்பது மாத வயிற்றோடு இருந்தது.

நான் திண்டுக்கல்லில் ஒரு பெண்கள் பள்ளியில் விலங்கியல் கற்பிப்பவள். கணவர் இறந்து பல ஆண்டுகள் ஆகின்றன. ஒரே மகள் கயல்விழி ஒட்டன்சத்திரத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். மருமகன் சரவணனுக்கு அங்கே காய்கறிச் சந்தையில் கடை. அவருடைய தாயார் பழனியம்மாள், என் சம்பந்தி.

அந்த மார்ச் மாதத் தொடக்கத்தில் கொரோனா எங்களுக்குத் தொலைக்காட்சியில் இருந்தது. மாத நடுவில் கைப்பேசிக்கு வந்துவிட்டது. பூண்டைக் கொதிக்கவைத்துக் குடிக்கச் சொன்னது ஒரு செய்தி. குடிக்கவே கூடாது என்றது அடுத்த செய்தி. மருந்துக் கடைகளில் முகக்கவசம் இல்லை. மளிகைக் கடையில் துவரம்பருப்பு மூட்டைக்கு முன்னால் கூட்டம். பேருந்து நிலையத்தில் ஒருவர் தும்மினால் சுற்றியிருந்தவர்கள் பெட்டிக்கடை வரை விலகி நின்றார்கள். பள்ளி மூடுவதற்கு முந்தைய நாள், என் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சோப்பு போட்டுக் கை கழுவும் முறையைச் செய்து காட்டினேன். விரலிடுக்கு, நகக்கண், மணிக்கட்டு என்று ஒவ்வொன்றாக. முன்வரிசைப் பெண் ஒருத்தி எழுந்தாள். "டீச்சர், எங்க தெருவுல வாரத்துக்கு ஒருக்காத்தேன் தண்ணி வருது. இம்புட்டு நேரம் கழுவுனா எங்கம்மா என்னையத்தேன் கழுவி ஊத்தும்." வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். அதுதான் அந்த ஆண்டில் நான் வகுப்பில் சிரித்த கடைசிச் சிரிப்பு.

கயலுக்கு வளைகாப்பு ஒரு மண்டபத்தில் நடப்பதாக இருந்தது. மண்டபங்களைப் பூட்டப் போகிறார்கள் என்ற பேச்சு கிளம்பியதும் சம்பந்தி கூப்பிட்டார்.

"ஏனுங்க சம்பந்தி, கல்யாண மண்டபத்தையெல்லாம் சாத்திப்போடுவாங்களாமா. ஒம்பதாம் மாசத்துல வளையல் போடாம புள்ளைய உங்கூட்டுக்கு அனுப்பறதுங்களா? வர்ற வெள்ளிக்கெழமையே இங்க ஊட்லயே முடிச்சுப்போடலாமுங்க. நெருங்குன சனம் மட்டும் வரட்டும்."

எனக்கும் அது விவேகமாகவே பட்டது. கூட்டத்தைக் குறைத்தோம்; நாளை முன்னுக்கு இழுத்தோம். வாசலில் மஞ்சளும் வேப்பிலையும் கலந்த நீரை அண்டாவில் நிரப்பி வைத்திருந்தார் சம்பந்தி. நான் ஒரு பை நிறையச் சோப்புக் கட்டிகளோடு போய் இறங்கினேன்.

"மஞ்சத்தண்ணியே போதுமுங்களே."

"சோப்புதேன் அதைக் கொல்லும், சம்பந்தி."

"அப்ப ரெண்டுலயும் கழுவிப்போடட்டும். அதுக்கும் பயம், இதுக்கும் பயம்."

வந்த பெண்கள் சோப்பில் கழுவி, பின் அண்டாவில் கை நனைத்து உள்ளே வந்தார்கள். அடுத்ததாகச் சம்பந்தி சன்னல்களைச் சாத்தத் தொடங்கினார். அது காற்றில் வருகிறதாம். காற்றில் வராது, இருமும்போது தெறிக்கும் துளியிலும் கையிலும்தான் வரும் என்று நான் படித்ததைச் சொன்னேன். அவர் சொன்னதில் பாதி உண்மை என்று உலகம் ஒப்புக்கொள்ளப் பின்னர் நெடுங்காலம் ஆயிற்று. ஆனால் அந்தக் காற்று தெருவிலிருந்து வரும் என்று அவர் நினைத்தார். சாத்தினால் கெடுதல் என்ன என்று நான் நினைத்தேன். இப்படியாக, எல்லா முன்னெச்சரிக்கைகளும் எடுத்த பிறகு, அத்தனை பெண்களும் ஒரே கூடத்துக்குள் சன்னல்களை இறுகச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தோம்.

முதல் வளையலை யார் போடுவது என்று வந்தபோது, கயல் கையை மடியிலிருந்து எடுக்கவில்லை.

"எங்கம்மா போடாம நான் யாருக்கும் கை நீட்ட மாட்டேன்."

கணவரில்லாதவள் வளைகாப்பில் முதல் வளையல் போடுவது வழக்கமில்லை என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஓரமாக நாற்காலி போட்டுப் பார்த்துக்கொண்டிருக்க நான் ஆயத்தமாகத்தான் போயிருந்தேன்.

"அதுக்கில்ல, கண்ணு," என்றார் சம்பந்தி தாழ்ந்த குரலில். "மொதக் கை நெறஞ்ச கையா இருக்கட்டுமேன்னுதான்..."

"எங்கம்மா கையில என்ன கொறை, அத்தை?"

கதவோரம் நின்ற சரவணன், "அம்மா, விடுங்க. அவங்களே போடட்டும்," என்றார். சம்பந்தி சந்தனக் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினார். முகத்தைப் பார்க்கவில்லை.

வேப்பங்குச்சியை வளைத்துச் செய்த காப்பை முதலில் போட்டேன். பிறகு நான் கொண்டுபோயிருந்த பச்சை வளையல்கள், கைக்கு ஒன்றாக. அவள் அளவைவிட ஓர் அளவு பெரிதாகவே வாங்கியிருந்தேன். நாள் நெருங்க நெருங்கக் கை சற்று உப்பும் என்பது என் கணக்கு. மற்றவர்கள் போட்ட சிவப்பு வளையல்கள் மணிக்கட்டில் அழகாகப் பொருந்தி நின்றன. என்னுடையவை முழங்கை வரை ஓடி ஓடித் திரும்பின.

"தொளதொளன்னு கெடக்குதுங்களே," என்றார் சம்பந்தி. "மாட்டுக் கழுத்து மணியாட்டம்."

எல்லோரும் சிரித்தார்கள். இறுக்கம் தளர்ந்தது. போட்ட வளையல்களைப் பிள்ளை பிறக்கும்வரை கழற்றக் கூடாது என்று கயலிடம் சொல்லி, ஐந்து வகைச் சோறும் உண்டு, அன்று மாலையே அவளை என் வீட்டுக்கு அழைத்து வந்தோம். கொண்டுவந்து விடுவதற்காகச் சம்பந்தியும் கூட வந்தார், ஒரே ஒரு மாற்றுப் புடவையோடு. அவர் திரும்புவதற்குள் ஊரடங்கு வந்துவிட்டது. பேருந்து இல்லை, காருக்கு அனுமதி இல்லை. "நாளைக்குத் தொறந்துப்போடுவாங்க" என்று நாள்தோறும் சொல்லிக்கொண்டு, என் புடவைகளை உடுத்திக்கொண்டு அவர் என் வீட்டிலேயே தங்கினார்.

எனக்குக் காய்ச்சல் வந்தது அந்த நாட்களில்தான். காலையில் காப்பியில் மணமே இல்லை. தூள் பழசு என்று நினைத்தேன். மறுநாள் மல்லிகையிலும் மணமில்லை. முன்னறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். சம்பந்தி கஞ்சியை வாசலில் வைத்துவிட்டு நகர்ந்தபின் எடுத்துக்கொள்வேன். வறட்டு இருமல் தொடங்கியதும், நானே அரசின் உதவி எண்ணுக்குப் பேசினேன். மூக்கு வழியாகவும் தொண்டை வழியாகவும் பஞ்சுக்குச்சியை விட்டுச் சளி எடுத்தார்கள். அதில் அந்தக் கிருமியின் மரபுப்பொருள் இருக்கிறதா என்று வெளியூர் ஆய்வுக்கூடத்தில் பார்ப்பார்கள். முடிவு வரும்வரை இருந்த நேரத்தை நான் விவரிக்கப் போவதில்லை. தொற்று இருக்கிறது என்று வந்ததும் ஆம்புலன்ஸ் வந்தது. தலை முதல் கால் வரை வெள்ளை உடுத்தியவர்கள் வந்தார்கள். எங்கள் தெருவின் சன்னல்கள் ஒவ்வொன்றிலும் ஒரு முகம் இருந்தது. கயல் வாசல்நிலையில் நின்று அழுதாள். அவளைத் தொடாமல் அவ்வளவு தூரத்தில் நின்று விடைபெற்றது எனக்குப் பழக்கமில்லாத வேலை.

சம்பந்தி என்ன சொல்வாரோ என்று பயந்தேன். இந்தக் கைதானே அன்றைக்கு முதல் வளையல் போட்டது என்று அவர் நினைக்காமல் இருந்திருக்க முடியாது. நானே நினைத்தேன். நாற்பது பிள்ளைகளுக்கு எதிரே நின்று மூடநம்பிக்கையை மறுத்துப் பேசியவள், ஆம்புலன்சின் தகரப் பலகையில் உட்கார்ந்து என் இரு உள்ளங்கைகளையும் பார்த்துக்கொண்டே போனேன். அவர் சொன்னது ஒன்றுதான்: "புள்ளைய நான் பாத்துக்கறனுங்க. நீங்க தைரியத்த உடாம இருங்க."

மறுநாள் எங்கள் வீட்டுக் கதவில் எச்சரிக்கைத் தாளை ஒட்டினார்கள். தெருவின் இரு முனையிலும் தகரம் அடித்தார்கள். பிளீச்சிங் பொடியை வாசலெங்கும் தூவினார்கள். சுகாதார ஆய்வாளர் கைப்பேசியில் என்னிடம் எங்கே போனீர்கள், யாரைத் தொட்டீர்கள் என்று பொறுமையாகக் கேட்டார். பேருந்து, பள்ளி, சந்தை, வளைகாப்பு. எங்கிருந்து எனக்கு வந்தது என்பது இன்றுவரை தெரியாது. வளைகாப்புக்கு வந்த பெண்கள் எல்லோரும் அவரவர் வீட்டுக்குள் அடைக்கப்பட்டார்கள். கயலுக்கும் சம்பந்திக்கும் சோதனை செய்ததில் தொற்று இல்லை என்று வந்தது. ஆனால் இன்று இல்லை என்பதற்கு நாளையும் இல்லை என்று பொருளில்லை. நோய் உடலில் வெளிப்படச் சில நாட்கள் எடுக்கும். அந்தச் சில நாட்களின் மேல்தான் நான் படுத்திருந்தேன்.

அரசு மருத்துவமனையில் எனக்குக் கிடைத்தது சன்னலோரக் கட்டில். விரல்நுனியில் ஒரு சிறு கவ்வியை மாட்டுவார்கள். இரத்தத்தில் உயிர்க்காற்று எவ்வளவு கலந்திருக்கிறது என்று அது எண்ணாகக் காட்டும். எண் இறங்கினால் மூக்கில் குழாய் வைத்து உயிர்க்காற்று தருவார்கள். எனக்கு இறங்கியது. குப்புறப் படுக்கச் சொன்னார்கள்; நுரையீரலின் பின்பகுதி விரிய அது உதவும். மூச்சு என்பது தானாக நடக்கும் செயல் என்றுதான் பாடம் நடத்தியிருக்கிறேன். அங்கே அது நான் ஒவ்வொரு முறையும் செய்து முடிக்க வேண்டிய வேலையாக இருந்தது. கட்டணம் எதுவும் இல்லை என்பது ஒரு நிம்மதி. தனியார் மருத்துவமனைக்கு மாற்றிவிடலாமா என்று சரவணன் கேட்டபோது, வேண்டாம் என்று சொல்ல எனக்குக் கூச்சமே இருக்கவில்லை.

செவிலியரின் முகம் எனக்குத் தெரியாது. கவச உடையின் மார்பில் பேனாவால் 'ஸ்டெல்லா' என்று எழுதியிருக்கும். கண்ணாடிக்குள் தெரிந்த கண்களை மட்டும் வைத்து அவருக்கு ஒரு முகம் வரைந்துகொண்டேன். பக்கத்துக் கட்டிலில் ஜமீலா என்ற பேகம்பூர்ப் பெண்மணி. அவர் கணவர் ஆண்கள் வார்டில் இருந்தார். நோயைப் பரப்பியது தங்கள் தெருதான் என்று கைப்பேசிகளில் உலவிய பேச்சு அவரை நோயைவிட அதிகம் வாட்டியது. "நோவு வந்தது உடம்புக்கு, டீச்சர். பேச்சு எங்க சனத்தையே இழுத்துப் பேசுது," என்றார் ஒருமுறை. அதற்கு நான் சொன்ன ஆறுதல் எதுவும் போதுமானதாக இல்லை. ஆனால் அவர் வாடிக்கொண்டே சிரிக்கவைப்பவர். எங்கள் இருவர் நாவுக்கும் சுவை போயிருந்தது.

"டீச்சர், உப்புமாவை ஏன் அப்புடி மொறைக்கிறீங்க? ருசிதான் தெரியலையே, பிரியாணின்னு நெனச்சு முழுங்குங்க. நான் நேத்தே ரெண்டு பிளேட்டு தின்னுட்டேன்."

நாள்தோறும் பிற்பகலில் கயல் கூப்பிடுவாள். அந்த அழைப்புக்காக மற்ற எல்லா நேரங்களும் காத்திருந்தன. முதல் சில நாட்கள் முகம் பார்த்துப் பேசினோம். பிறகு இணைப்பு சரியில்லை என்று குரல் மட்டும் வந்தது. அவள் பேசும்போது கையை ஆட்டி ஆட்டிப் பேசுவாள். சிறு வயதிலிருந்தே அப்படித்தான். பேச்சுக்கு அடியில் வளையல்கள் ஓடிக்கொண்டே இருக்கும். அவற்றுள் என் பச்சை வளையல்களின் ஓசை மட்டும் தனியாகக் கேட்கும். தளர்ந்தவை அல்லவா, நெடுந்தூரம் ஓடி வந்து மோதும்.

அந்த வளையல்களைப் பற்றிச் சம்பந்திக்கு ஒரு பெருங்கவலை வந்திருந்தது. நோய்கண்ட கை போட்டவை, கிருமி ஒட்டியிருக்கும். கழற்றிவிடலாம் என்றால், பேறு ஆகும் முன் கழற்றக் கூடாது. இரண்டு பயங்களுக்கும் நடுவே அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். காலையும் மாலையும் ஒரு வாளியில் சோப்பு நுரையைக் கலக்கி, கயலின் இரு கைகளையும் முழங்கை வரை அதில் முக்கிவைத்தார்.

"அத்தை என்னைய அழுக்குத்துணி மாதிரி ஊறப்போடுதும்மா," என்றாள் கயல்.

பின்னாலிருந்து சம்பந்தியின் குரல்: "பேசாம முக்கு, கண்ணு. கிருமி செத்துச்சோ இல்லியோ, வளையலு பளபளங்குதல்ல?"

நான் சிரித்தேன், சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்கச் சற்று நேரம் பிடித்தது. அந்தக் கிருமி கண்ணாடியின் மேல் அத்தனை நாள் உயிரோடு இராது என்று அவரிடம் சொல்லவில்லை. கவலைப்படுவதற்குக் கைக்கு ஒரு வேலை இருப்பது நல்லது. எனக்கு அதுகூட இல்லை.

ஒரு பிற்பகல் கயல் பேசிக்கொண்டிருந்தாள். சரவணன் காய்கறி லாரியில் முருங்கைக்காய் கொடுத்தனுப்பியதையும், தெருமுனைத் தகரத்துக்கு மேலாக அதைக் கயிறு கட்டி இறக்கியதையும் சொன்னாள். நானும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். ஏதோ ஒன்று குறைந்தது. பாட்டிலிருந்து தாளம் போனதுபோல. சற்றுப் பொறுத்தே புரிந்தது. வளையல் ஓசை இல்லை.

"கயலு, வளையலைக் கழட்டிட்டியாத்தா?"

"இல்லையேம்மா. போட்டிருக்கேன்."

"கையை ஆட்டு."

"என்னம்மா நீ?"

"ஆட்டுத்தா."

ஒன்றும் கேட்கவில்லை.

"நான் போட்ட பச்சை வளையலைச் சுத்திப் பாரு. சுத்துதா?"

"சுத்தலம்மா," என்றாள். சிவப்பு வளையல்கள் இறுகுவது இயல்பு. கடைசி மாதத்தில் எல்லோருக்கும் கை உப்பும். முழங்கை வரை ஓடிய பச்சை வளையலும் அசையவில்லை என்றால் அது சிறு உப்பல் இல்லை. முகம் காட்டாமல் பேசிய நாட்களின் பொருள் அப்போதுதான் எனக்கு விளங்கியது.

"மூஞ்சி வீங்கியிருக்கா?"

"கொஞ்சமா."

"தலை வலிக்குதா?"

"முந்தாநாள்லருந்து. நீ மூச்சுக்கு கஷ்டப்படுறப்ப எதுக்குச் சொல்லணும்னுதேன்..." என்றாள்.

"கண்ணு மங்குதா?"

"பொட்டுப் பொட்டா மின்னுதும்மா."

கர்ப்பத்தின் பிற்பகுதியில் சிலருக்கு இரத்த அழுத்தம் ஏறும். கையும் முகமும் வீங்கும், தலை பிளக்கும், கண்முன் ஒளிப்பொட்டுகள் தெரியும். கவனிக்காமல் விட்டால் வலிப்பு வரும். தாயையும் பிள்ளையையும் ஒருசேரப் பறிக்கக்கூடிய வலிப்பு. மருத்துவர் மாதந்தோறும் அழுத்தம் பார்ப்பது இதற்காகத்தான். வீட்டுக் கதவில் எச்சரிக்கைத் தாள் ஒட்டிய நாளிலிருந்து கயல் பரிசோதனைக்குப் போகவில்லை. ஒவ்வொரு நாளும் வாசலில் நின்று சுகாதாரப் பணியாளர் கேட்டார்: காய்ச்சல் இருக்கிறதா, இருமல் இருக்கிறதா, தலைவலி இருக்கிறதா? ஒவ்வொரு நாளும் இவர்கள் இல்லை என்றார்கள். தலைவலி என்று சொன்னால் அது கொரோனாவின் தலைவலியாகிவிடும். பிள்ளைத்தாய்ச்சியைக் கொரோனா வார்டில் போட்டுவிடுவார்கள். அப்படித்தான் அவர்கள் எண்ணினார்கள். நாங்கள் எல்லோரும் ஒரே ஒரு வாசலைக் காவல் காத்தோம். ஆபத்து அடுத்த வாசலில் வந்து உட்கார்ந்திருந்தது.

"போனை அத்தைகிட்டக் குடு."

சம்பந்தி பேசினார். அந்தக் குரலில் இருந்த நடுக்கத்தை அதற்குமுன் நான் கேட்டதில்லை. "நீர் கோத்திருக்குதுன்னு பார்லித் தண்ணி காச்சிக் குடுத்துட்டுத்தானுங்க இருக்கறேன். நெத்திக்குப் பத்துப் போட்டேன்."

"சம்பந்தி, இது பத்துக்கும் பார்லிக்கும் நிக்கிற தலைவலி இல்ல. அவளை இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கொண்டாரணும்."

"அங்கிங்களா? உங்க பக்கத்துக் கட்டில்ல படுக்க வெச்சுப்போடுவாங்கங்க! இத்தன நாளு சோப்புத் தண்ணியில முக்கி முக்கிக் காப்பாத்தி வெச்சிருக்கறனுங்களே..."

எனக்கு மூச்சு வாங்கியது. ஒவ்வொரு சொல்லையும் தனியாகத் தூக்கிவைக்க வேண்டியிருந்தது.

"எனக்கு வந்தது அவளுக்கு வந்தா, என்னைய மாதிரிப் படுத்து எந்திரிச்சுக்கிரலாம். வலிப்பு வந்துச்சுன்னா நமக்கு ரெண்டு பேரும் இல்ல. என் மேல இருக்கிற வருத்தமெல்லாம் அப்புறம் பேசிக்கிருவோம். இப்ப அவளை அனுப்புங்க."

"யாரைக் கூப்படறதுங்க? எனக்கு இந்த ஊர்ல ஆரையுந் தெரியாதுங்களே," என்றார்.

ஸ்டெல்லா சிஸ்டரை நான் கூப்பிட்ட குரலில் ஜமீலா எழுந்து உட்கார்ந்துவிட்டார். சொல்லி முடிப்பதற்குள் என் விரல்கவ்வி கூவத் தொடங்கியது. "நீங்க படுங்கம்மா, நீங்க படுங்க," என்று என்னைத் திருப்பிப் படுக்கவைத்துக்கொண்டே சிஸ்டர் பேறுகாலப் பிரிவுக்குப் பேசினார். வீட்டு முகவரியை நான் சொல்ல, மூச்சு நின்ற இடங்களில் ஜமீலா எடுத்துச் சொன்னார். என் முகவரி அவருக்கு எப்படித் தெரியும் என்று பின்னர் கேட்டேன். "காய்ச்சல்ல நீங்க பொலம்புறதே அதத்தானே," என்றார்.

தொற்றுள்ளவர்களோடு பழகியவர்களுக்கென்று பேறுகாலப் பிரிவில் தனி அறை ஒன்று ஒதுக்கியிருந்தார்கள். கயலையும் துணைக்குச் சம்பந்தியையும் கொண்டுவந்தது அதே வளாகத்துக்கு. என் சன்னலிலிருந்து பார்த்தால் அந்தக் கட்டடத்தின் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி மட்டும் தெரியும். அதைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். இவ்வளவு அருகில் இருந்தும் நான் போகக் கூடாத ஒரே இடம் அதுதான். ஜமீலா தன் கட்டிலில் கையேந்தி அமர்ந்திருந்தார். "உங்க பேர்ல கேக்கவா, மக பேர்ல கேக்கவா?" என்றார். மகள் பெயரில் கேட்கச் சொன்னேன்.

வெயில் தண்ணீர்த் தொட்டியைவிட்டு இறங்கும் நேரத்தில் கைப்பேசி அதிர்ந்தது. சம்பந்தி.

"சம்பந்தி." நான் கைப்பேசியைக் காதோடு அழுத்திக்கொண்டேன். அவர் தொடர்ந்தார். "ஊசி போட நரம்பு கெடைக்கலீங்க. மருந்து ஏத்தோணும், வளையலைக் கழட்டுங்கன்னாங்க. செவப்பு ஒண்ணும் வரலீங்க, இறுகிச் சதைக்குள்ள போயிருச்சு. கட்டர் எடுத்துட்டு வரட்டுங்களான்னு நர்சு கேட்டாங்க. நேரமாகுமேன்னு, துண்டைச் சுத்தி, நானே... நானே ஒடைச்சுப்போட்டனுங்க சம்பந்தி. ஒவ்வொண்ணா. என் கையால."

நிறைமாதப் பெண்ணின் கையில் கண்ணாடி வளையலை உடைப்பது அவருக்கு என்ன என்று எனக்குத் தெரியும். முதல் வளையலை யார் போடுவது என்று அத்தனை கவலைப்பட்டவர்.

"நல்லதுதேன் செஞ்சீங்க, சம்பந்தி. கயலு?"

"ஆப்பரேசன் பண்ணி எடுத்துட்டாங்க. ரெண்டு பேரும் நல்லாருக்கறாங்க. பொண்ணுங்க." அழுகைக்கு நடுவே ஏதோ நினைவு வந்தவராக, "உங்க பச்சை ரெண்டும் மட்டும் சோப்புப் போட்டு இழுத்ததும் வந்துருச்சுங்க. ஒடையல. பத்திரமா வெச்சிருக்கறேன்," என்றார்.

நான் கைப்பேசியை நெஞ்சின்மேல் கவிழ்த்து வைத்தேன். ஜமீலா என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டு, ஏந்திய கைகளால் தன் முகத்தைத் தடவிக்கொண்டார். அன்று இரவு உப்புமா வந்தபோது நானும் இன்னொரு தட்டு கேட்டு வாங்கினேன்.

கயலுக்கு அழுத்தம் இறங்கச் சில நாட்கள் ஆயின. வலிப்பு வராமல் மருந்து ஏற்றினார்கள். தாய்க்கும் பிள்ளைக்கும் மறுபடி சோதித்து, தொற்று இல்லை என்று உறுதி செய்து, எனக்கு முன்பே வீட்டுக்கு அனுப்பினார்கள். எனக்கு அடுத்தடுத்த இரு சோதனைகளிலும் கிருமி இல்லை என்று வந்ததும் விடுவித்தார்கள். வாசலில் வரிசையாக நின்று கைதட்டினார்கள். ஒரு பழக்கூடையைக் கையில் கொடுத்தார்கள். ஜமீலாவின் சோதனை முடிவு இன்னும் வரவில்லை. பழங்களில் பாதியை அவரிடம் சேர்க்கச் சொன்னேன். ஸ்டெல்லா சிஸ்டரைக் கவசமின்றி அன்றுதான் பார்த்தேன். நான் வரைந்து வைத்திருந்த முகம் அது இல்லை. மிகவும் இளையவர்.

வீட்டுக்கு வந்தும் சில வாரங்கள் முன்னறையில் தனித்திருக்க வேண்டியிருந்தது. எங்கள் தெருவில் தகரங்களை எடுத்துவிட்டார்கள்; மனிதர்கள் இன்னும் எங்கள் வாசலைத் தாண்டும்போது எதிர்ப்புறம் ஒதுங்கித்தான் நடந்தார்கள். எதிர்வீட்டுப் பெண் மட்டும் நாள்தோறும் இட்லி மாவுத் தூக்கைத் திண்ணையில் வைத்துவிட்டுக் குரல் கொடுத்துப் போனாள். கதவுக்கு அப்பால் என் பேத்தியின் அழுகை கேட்டது. அவள் அழுகை ஓயும்போது வேறொரு ஓசை கேட்கும். சம்பந்தி என் பச்சை வளையல்கள் இரண்டையும் தொட்டில் கயிற்றில் கட்டியிருந்தார். ஆட்டும்போதெல்லாம் மோதிக்கொண்டன. நான் அதைக் கேட்டுக்கொண்டு படுத்திருப்பேன். மாட்டுக் கழுத்து மணியைப் போலத்தான் இருந்தது.

பிறந்த பிள்ளைக்குக் கறுப்பு மணியும் வசம்பும் கோத்த வளையல் போடும் வழக்கம் எங்கள் பக்கம் உண்டு. அதைத் தந்தைவழிப் பாட்டிதான் போடுவார். அதற்கான நாள் எப்போதோ கடந்துவிட்டிருந்தது. போட்டிருப்பார்கள் என்றே நினைத்திருந்தேன்.

என் தனிமை முடிந்த காலையில் கதவைத் திறந்தேன். கூடத்தின் எல்லாச் சன்னல்களும் விரியத் திறந்திருந்தன. கயல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மணிக்கட்டுகளில் சிறு கீறல்கள் ஆறிக்கொண்டிருந்தன. நான் நிலையிலேயே நின்றேன். இத்தனை நாள் எட்டி நின்ற கால்களுக்கு உள்ளே நுழையும் வழி சட்டென்று வரவில்லை. சம்பந்தி என் புடவையொன்றை உடுத்தி, பிள்ளையை மடியில் போட்டு அமர்ந்திருந்தார். பிள்ளையின் கைகள் துணிக்கு வெளியே கிடந்தன. இரண்டிலும் ஒன்றுமில்லை. வசம்பு வளையல் பக்கத்தில் ஒரு தட்டில் இருந்தது.

"இன்னும் போடலையா, சம்பந்தி? நீங்கதானே போடணும்."

அவர் தட்டை என் பக்கம் நகர்த்தினார். இந்த முறை என் முகத்தைப் பார்த்தார்.

"போயிச் சோப்புப் போட்டுக் கையக் கழுவிட்டு வாங்க," என்றார். "எத்தன நாளைக்குத்தானுங்க புள்ள வெறுங்கையோட இருக்கறது?"